குளிரைக் காக்கும் சுவர்



சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள 'ஐஸ் ஹவுஸ்' கட்டடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது அது. அவ்வணிகத்தின் முன்னோடி, பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர். 1833-இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய பாய்க்கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தின் முடிவில் ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது. இயந்திரம் ஏதுமின்றி இது எவ்வாறு இயன்றது? வெப்பம் புகாதபடி சுற்றிலும் அடைத்து வைத்ததே காரணம்.

இந்தப் பாடத்தைப் பிற்காலப் படகு கட்டியோர் பலர் மறந்தனர். அமெரிக்காவில் 1960, 70-களில் கட்டப்பட்ட சிறு பாய்ப்படகுகளில் சமையல் மூலையிலேயே ஒரு பனிப்பெட்டி இருக்கும். பலவற்றில் அதன் சுவருக்குள் உள்ள நுரைப்பலகை மிக மெல்லியது. ஐந்து நாள் பயணத்தில் இரண்டாம் நாளே பனிக்கட்டி நீராகிவிட்டால், குழந்தையின் பாலும் கறியும் மீனும் என்னாகும்? நடுக்கடலில் கடை ஏது?

சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். பெட்டியின் பரப்பு 2 சதுர மீட்டர், வெளிவெப்பம் 30 டிகிரி என்று கொள்வோம். நுரைப்பலகையின் கனம் 2.5 சென்டிமீட்டரானால், சுவர் வழியே புகும் வெப்பம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 கிலோ பனிக்கட்டியை உருக்கிவிடும். கனம் 10 சென்டிமீட்டரானால் 4 கிலோவே உருகும்!

ஆயினும் சுவரில் கைவைக்குமுன் மூடியைப் பாருங்கள். பல பெட்டிகளில் மூடி உள்ளீடற்றதாகவே இருக்கும். அதற்குள் நுரை நிரப்பி, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். அடுத்தது வடிகுழாய். குளிர்ந்த காற்று கனமானது. அடியிலுள்ள துளை வழியே ஓசையின்றி வழிந்தோடிவிடும். அத்துளைக்கு அடைப்பான் போடுவது அவசியம்.

பிறகே சுவர். பழைய நுரை ஈரம் உறிஞ்சியிருந்தால் அதை அகற்றியாக வேண்டும். நனைந்த கம்பளி குளிரைத் தடுக்குமா? உட்புறத்தில் பாலிஸ்டைரீன் பலகைகளை இரண்டு மூன்று அடுக்காக, ஓர் அடுக்கின் இணைப்பு மற்றதன் இணைப்பின்மேல் விழாதபடி ஒட்டி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் பூசுவர். இங்கே எபாக்சிப் பிசினையே பயன்படுத்த வேண்டும். பாலியெஸ்டர் பிசின் அப்பலகையையே கரைத்துவிடும். பெட்டியின் உள்ளிடம் குறையும் என்பது உண்மையே. ஆனால் முன்பு அவ்விடத்தை நிரப்பியிருந்தது பெரும்பாலும் உருகிப்போகும் பனிக்கட்டிதானே!

குளிர் வெளியே போவதாக நாம் பேசுகிறோம். உண்மையில் வெப்பமே உள்ளே நுழைகிறது. அது வரும் வழியை அடைக்காமல் மேலும் மேலும் பனிக்கட்டி வாங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

படகு நம்மிடம் இல்லாதிருக்கலாம்; குளிர்பதனப் பெட்டி பல இல்லங்களில் உண்டு. அதன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையின்றித் தாள் வெளியே வந்தால், அவ்விடத்தில் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று அறியுங்கள். மின்கட்டணம் உயரும் வழிகளுள் அதுவும் ஒன்று.