பழைய காரின் மறைந்த குறைக்குப் பொறுப்பு யார்? ஒன்றியப் போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றியச் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



பயன்படுத்திய வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர்களை ஓர் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரும் நோக்கில், ஒன்றிய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 55-ஏ முதல் 55-எச் வரையிலான புதிய விதிகளை அமைச்சகம் 2022 டிசம்பரில் சேர்த்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. வணிகரின் கொட்டகையில் நிற்கும் வண்டி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவ்விதிகள் தெளிவான விடை தந்தன. ஆனால் அந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது, அதில் மறைந்திருக்கும் குறைக்கு யார் ஈடுசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. இந்த இரண்டாம் கேள்விக்கும் அதே விதிகளுக்குள் விடை எழுதப்பட வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

புதிய விதிகள் பிறந்த பின்னணி நினைவுகூரத் தக்கது. ஒருவர் தம் காரை வணிகரிடம் கொடுத்துப் பணம் பெற்றுக்கொண்ட பிறகும், மக்கள் ஆர்.சி. புத்தகம் என்று அழைக்கும் பதிவுச் சான்றில் அவர் பெயரே நீடித்துவந்தது. வண்டி பல கை மாறி எங்கோ விபத்துக்குள்ளானால், இழப்பீட்டு வழக்கு அவர் வாசலுக்கே வந்தது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இப்போது வணிகர், பதிவு அதிகாரியிடம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது 29-சி படிவத்தின் வழியே தெரிவிக்கப்பட்ட பின், அதை விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். தம் வண்டியை விற்றுவிட்டுச் செல்பவரைக் காத்த இந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. அதே கொட்டகையின் மறுபக்கத்தில் நின்று வண்டியை வாங்குபவருக்கோ, அதன் தரம் குறித்த உறுதி எதுவும் இவ்விதிகளால் கிட்டவில்லை.

அவ்வாறு வாங்குவோர் யார் என்பதையும் அமைச்சர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய காரின் விலை எட்டாத குடும்பமும், ஒரே வண்டியை நம்பி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க முனையும் ஓட்டுநருமே ‘கார் கன்சல்டிங்’ என்ற பெயர்ப்பலகை தொங்கும் கடைகளை நாடிச் செல்கின்றனர். பல ஆண்டுச் சேமிப்பையோ வட்டிக்கு வாங்கிய கடனையோ ஒரே நாளில் ஒப்படைக்கும் அவர்களுக்கு, வண்டியின் கடந்த காலத்தை அறியும் வழி விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறில்லை. இருபுறமும் அறிவு சமமாக இல்லாத இந்த வணிகத்தில், அறிந்தவருக்குச் சொல்லும் கடமையை விதிக்காமல், அறியாதவரிடம் விழிப்பை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

மறைக்கப்படும் குறைகளில் மூன்று முதன்மையானவை. முதலாவது, ஓடிய தொலைவைக் குறைத்துக் காட்டுதல். இன்றைய கார்களில் கிலோமீட்டர் கணக்கு முகப்புப் பலகையின் நினைவுச் சில்லில் எண்களாகச் சேமிக்கப்படுவதால், உரிய கருவியைப் பொருத்தி அதைக் குறைத்து எழுதிவிட முடிகிறது. எந்த உறுப்பை எப்போது மாற்ற வேண்டும் என்ற கணக்கே இதனால் பொய்த்துப்போவதால், இது விலையை மட்டுமின்றி உயிரையும் தொடும் ஏமாற்று. இரண்டாவது, பெரும் விபத்தின் தடத்தை டிங்கரிங், பெயிண்டிங் வேலைகளால் மூடுதல். மோதலின் விசையைத் தாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட அடிச்சட்டம் ஒருமுறை வளைந்து நிமிர்த்தப்பட்டால் அதன் பழைய வலிமைக்கு உறுதி இல்லை. விரிந்து தீர்ந்த காற்றுப்பையை மீண்டும் பொருத்தாமலே மேலுறையை மட்டும் ஒட்டிவிடவும் கூடும். மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்றல். 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றதைத் தமிழ்நாடு கண்டது. நீர் புகுந்த கம்பி இணைப்புகளில் துரு மெல்லப் பரவுவதால், சோதனை ஓட்டத்தில் நன்றாக ஓடிய வண்டி சில மாதங்கள் கழித்தே பழுதாகத் தொடங்குகிறது.

இந்த இரண்டாம், மூன்றாம் வகை வண்டிகள் சந்தைக்கு வரும் வழி காப்பீட்டுத் துறையின் ஊடாகவும் செல்கிறது. பழுதுபார்க்கும் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது முழு இழப்பு, அதாவது வணிகர் மொழியில் ‘டோட்டல் லாஸ்’, எனக் கொள்ளப்படுகிறது. உரிமையாளர் இழப்பீடு பெற்றுக்கொண்டபின் எஞ்சிய வண்டி விற்கப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் சாலைக்கு வருகிறது. நிலையாகப் பயனற்றுப்போன வண்டியைப் பற்றிப் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55-ஆம் பிரிவு கூறினாலும், முழு இழப்பாகத் தீர்க்கப்பட்டுப் பின் சீரமைக்கப்பட்ட வண்டியின் பதிவுச் சான்றில் அந்த வரலாற்றைக் காட்டும் குறிப்பு எதுவும் இடம்பெறுவதில்லை.

நாட்டில் சட்டமே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பழைய பொருளுக்கும் பொருந்தும். சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் நேரும் குறைவு மட்டுமின்றி, வணிகர் எவ்வகையிலேனும் உரிமைகொண்டாடிய தரத்தில் நேரும் குறைவும் அச்சட்டத்தின்படி ‘குறைபாடு’ ஆகும். ஆகவே, ‘ஒரே ஓனர், விபத்து இல்லை, நாற்பதாயிரம் கிலோமீட்டர்’ என்று விளம்பரத்திலோ வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதியதுகூட வணிகரைக் கட்டுப்படுத்தும். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து அச்சட்டம் விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வண்டி வாங்கும் ஓட்டுநரை விலக்கவில்லை. கொடுத்த விலை ஐம்பது லட்சம் ரூபாய் வரை இருந்தால், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. குறையை நீக்கவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிட முடியும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உள்ளது.

இத்தனை இருந்தும், பழைய கார் வாங்கியவர் நீதியை எட்டும் பாதையில் மூன்று தடைகள் நிற்கின்றன. குறை முன்பே இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழுவது முதல் தடை. ஆய்வின்றி அறிய முடியாத குறையாயின் உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் கூறினாலும், காரைப் புட்டியில் அடைத்து அனுப்ப இயலாது. எஞ்சினைப் பிரித்துச் சான்றளிக்கும் வல்லுநரைத் தேடுவதும் அவருக்குரிய தொகையைச் செலுத்துவதும் பெரும்பாலும் முறையிட்டவர் பாடாகவே முடிகின்றன. ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்ற சட்டத்தின் நோக்கம் இவ்விடத்தில் தளர்ந்துபோகிறது.

இரண்டாம் தடை, சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இல் உள்ளது. அதன் 16-ஆம் பிரிவு, அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்லாமலே சேர்க்கிறது. ஆயினும், வாங்குபவர் பொருளை ஆய்ந்திருந்தால், அந்த ஆய்வில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்நிபந்தனை செல்லாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. இத்தகைய உள்ளார்ந்த நிபந்தனைகளை வெளிப்படையான உடன்பாட்டால் விலக்கிக்கொள்ள 62-ஆம் பிரிவு இடமளிக்கிறது. டெலிவரி நோட் எனப்படும் ஒப்படைப்புச் சீட்டில் ‘ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்’ என்று அச்சிட்ட வரியின்கீழ்க் கையொப்பம் வாங்கப்படும்போது, இவ்விரு பிரிவுகளும் வணிகரின் கேடயமாகிவிடுகின்றன.

மூன்றாம் தடை, அத்தகைய வரியை எதிர்க்கும் இடம் பற்றியது. நுகர்வோருக்கு அநீதியான ஒப்பந்த வரிகளைச் செல்லாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே அளித்துள்ளது. மாவட்ட ஆணையத்துக்கு அளிக்கவில்லை. மூன்று லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கிய தேனி விவசாயி குறைக்காகத் தம் மாவட்டத்திலேயே முறையிட முடியும். அந்தச் சீட்டின் வரியே செல்லாது என்ற அறிவிப்பைப் பெற வேண்டுமானால் மாநில ஆணையத்தைத்தான் நாட வேண்டும்.

பிற நாடுகள் இதே சிக்கலை எதிர்கொண்டு தீர்வு கண்டுள்ளன. பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 2015-இன்படி, வணிகரிடம் வாங்கிய பழைய கார் தரக்குறைவாக இருந்தால் முப்பது நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்பட்டு, இல்லை என மெய்ப்பிக்கும் சுமை வணிகர்மீது வைக்கப்படுகிறது. தமிழையும் ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூர், 2012 செப்டம்பர் முதல் அதே ஆறு மாத அனுமானத்தைப் பழைய வாகனங்களுக்கும் சேர்த்தே நடைமுறைப்படுத்தி வருகிறது. அமெரிக்காவில், உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதைத் தெளிவாகக் காட்டும் அறிவிப்பை ஒவ்வொரு பழைய காரிலும் வணிகர் ஒட்ட வேண்டும் என்ற விதி 1980-களிலிருந்தே உள்ளது. பெல்ஜியத்தில், பழுதுபார்ப்பு நிலையங்கள் பதிவுசெய்யும் கிலோமீட்டர் அளவுகளைத் தொகுத்த ‘கார் பாஸ்’ என்னும் சான்று 2006 முதல் பழைய கார் விற்பனையில் கட்டாயமாக உள்ளது. அது தரப்படாவிட்டால் வாங்கியவர் விற்பனையை ரத்துசெய்யக் கோரலாம்.

பழைய வண்டிக்குப் புதிய வண்டியின் உத்தரவாதத்தை எதிர்பார்க்கலாமா என்று வணிகர்கள் கேட்கக்கூடும். அக்கேள்வி நேர்மையானது, அதற்கு விடையும் உண்டு. நியூயார்க் மாநிலச் சட்டம், 36,000 மைல் வரை ஓடிய காருக்கு 90 நாள் அல்லது 4,000 மைல் உத்தரவாதமும், 80,000 மைலுக்கும் ஒரு லட்சம் மைலுக்கும் இடைப்பட்டு ஓடியதற்கு 30 நாள் அல்லது 1,000 மைல் உத்தரவாதமும் கேட்கிறது. வயதுக்கும் ஓட்டத்துக்கும் ஏற்பக் கடமையைப் படிநிலைப்படுத்தினால், தேய்ந்த டயருக்காகவும் பழைய பேட்டரிக்காகவும் வணிகர் அலைக்கழிக்கப்பட மாட்டார். குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்கும் நேர்மையான வணிகர், மறைத்து விற்பவருடன் போட்டியிட்டுத் தோற்கும் இன்றைய நிலையும் மாறும். தம் சொந்தக் காரை விற்கும் தனிமனிதர்மீது இக்கடமையைச் சுமத்த வேண்டியதில்லை.

எனவே, அங்கீகாரம் பெற்ற வணிகருக்கான விதிகளைத் திருத்திக் கீழ்க்காண்பவற்றைச் சேர்க்குமாறு அமைச்சர் அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார். ஒன்று, ஓடிய தொலைவு, விபத்து, வெள்ளம், முழு இழப்பு, நிலுவைக் கடன் ஆகியவற்றைக் குறிக்கும் நிலை அறிக்கையை வணிகர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் மொழியில் வழங்க வேண்டும். இரண்டு, எஞ்சின், கியர்பெட்டி, பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை ஆகியவற்றுக்கு வண்டியின் வயதுக்கேற்ற குறைந்தபட்ச உத்தரவாதம் விதிக்கப்பட வேண்டும். அக்காலத்தில் வெளிப்படும் குறை விற்பனையின்போதே இருந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். மூன்று, காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகத் தீர்த்த வண்டிகளின் விவரம் ‘வாகன்’ என்னும் அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் சேர்ந்து, பதிவு எண்ணைக் கொண்டு எவரும் காணும்படி வெளியிடப்பட வேண்டும். நான்கு, ஒவ்வொரு பெயர் மாற்றத்தின்போதும் தகுதிச் சான்றின்போதும் கிலோமீட்டர் அளவு பதிவாக வேண்டும். அதைக் குறைத்து எழுதுவது தனிக் குற்றமாக வேண்டும். ஐந்து, பொய்யான நிலை அறிக்கை தருவது அங்கீகாரச் சான்றை நீக்குவதற்குரிய காரணமாக விதியிலேயே எழுதப்பட வேண்டும். இவற்றோடு, அநீதியான ஒப்பந்த வரிகளை விசாரிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையங்களுக்கும் அளிக்கும் திருத்தத்தை, நுகர்வோர் நலத் துறையிடம் அமைச்சர் அவர்கள் பரிந்துரைக்க வேண்டும்.

பதிவுபெற்ற வணிகர் பழைய வாகனத்தை வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான வேறுபாட்டின்மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி விதிப்பதை, 2024 டிசம்பரில் கூடிய வரி மன்றத்தின் 55-ஆவது கூட்டம் சிறிய கார்களுக்கும் விரிவாக்கியது. பழைய கார் வணிகத்தை வரி ஈட்டும் முறையான தொழிலாக அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. முறையான தொழிலுக்குரிய பொறுப்பையும் அதன்மீது சுமத்துவதே நேர்மை. அதற்கான விதிகளின் பாதியை அமைச்சகம் 2022-இலேயே எழுதிவிட்டது. மறுபாதியையும் எழுதி முடித்து, வாங்குவோருக்கும் சட்டத்தின் காவலை அமைச்சர் அவர்கள் வழங்க வேண்டும்.

நுகர்வோர் நலம் விழைந்து.