குறட்டை என்றால் நல்ல நித்திரை என்று அர்த்தமில்லை

 

இங்கு படிப்பிக்கிற ஆசிரியர்களாகிய நாங்கள் இன்றைக்கு எழுத வந்தது பரீட்சையைப் பற்றியோ டியூஷனைப் பற்றியோ அல்ல. குறட்டையைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கட ஊரில் குறட்டை ஒரு பகிடி. "மனுசன் நல்ல அசந்த நித்திரை" என்று சொல்லிச் சிரிப்போம். குத்பா தொடங்கி இரண்டு நிமிடத்தில் தலை சாய்கிறவரையும், பஸ்ஸில் ஏறின உடனே வாய் திறந்து தூங்குகிறவரையும் பார்த்துச் சிரிப்போம். ஆனால் இரவு எட்டு மணித்தியாலம் படுத்த மனிதர் பகலில் ஏன் இப்படித் தூங்கி விழுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

நித்திரையில் தொண்டையின் தசைகள் தளரும். சிலருக்கு அந்த இடம் அப்படியே அடைபட்டு மூச்சு நின்றுவிடும். 10 செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை வைத்தியர்கள் ஒரு தடவையாகக் கணக்கெடுக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் போனால் வருத்தம் இருக்கிறது என்று அர்த்தம். 30ஐத் தாண்டினால் கடுமையானது. இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். மூச்சு நிற்கும்போது இரத்தத்தில் ஒட்சிசன் குறையும், மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு இழுப்பு, ஒரு திணறல், பிறகு மீண்டும் குறட்டை. படுத்திருப்பவருக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

இரவு முழுக்க இப்படி நடந்தால் இதயத்துக்கு ஓய்வே இல்லை. பிரஷர் ஏறும், மருந்து போட்டும் இறங்க மறுக்கும். மாரடைப்பு, பாரிசவாதம், இதயத் துடிப்புக் கோளாறு, சீனி வருத்தம் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2022 பெப்ரவரியில் மும்பையில் காலமான ஹிந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு இதையே காரணமாக வைத்தியர்கள் சொன்னார்கள். அவருக்கு வயது 69.

ஆபத்து அந்த ஒரு ஆளோடு நிற்பதுமில்லை. 2013 டிசம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் ஒரு ரயில் வளைவில் தடம்புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநர் தூங்கிவிட்டார். அவருக்குக் கடுமையான ஸ்லீப் அப்னியா இருந்தது என்பதும், அதுவரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. இரவு பஸ்ஸிலும் வேனிலும் கொழும்புக்குப் போய் வருகிற நாங்கள் இதை அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடலாமா? சாரதியின் டயரையும் பிரேக்கையும் பார்க்கிறோம். அவரின் நித்திரையைப் பற்றி எந்த முதலாளி கேட்கிறார்? இரவில் வாவிக்குத் தோணி கொண்டு போகிறவர்களின் களைப்பையும் "தொழில் அப்படி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தொழில் இல்லாத நாளில் நன்றாகப் படுத்தும் களைப்புத் தீரவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

"எங்கட வாப்பா எழுபது வயது வரைக்கும் குறட்டை விட்டார், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த வருத்தம் இல்லை. அதனால்தான் அடையாளங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவது, காலையில் தலையிடி, வாய் வரண்டு எழும்புவது, இரவில் பல தடவை சிறுநீருக்கு எழும்புவது, மறதி, காரணமில்லாத கோபம், பகல் தூக்கம். உடல் பருமனும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். ஆனால் தாடை அமைப்பினால் மெலிந்தவர்களுக்கும் வரும். பெண்களுக்கும் வரும், மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் கூடுதலாக. அவர்கள் குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு "உடம்பு அலுப்பு" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களாக ஒரு வார்த்தை. வகுப்பில் தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அது இரவில் குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு எடுக்கிறதா என்று உம்மாவிடம் கேட்போம். டொன்சிலும் அடினொயிட்டும் வீங்கியிருந்தால் சிறு பிள்ளைகளுக்கும் இந்த வருத்தம் வரும். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாகத் துருதுருவென்று ஒரு இடத்தில் இருக்க மாட்டார்கள், கவனம் நிற்காது, படுக்கை நனைப்பார்கள். பிரம்பால் தீராதது பலருக்கு ஒரு சத்திரசிகிச்சையில் தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பக்கத்தில் படுப்பவர் கைபேசியில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதைக் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரஷருக்கும் சீனிக்கும் மாதாமாதம் போகிறீர்கள்தானே, அதே வரிசையில் இதையும் சொல்லுங்கள். தேவையென்றால் நித்திரைப் பரிசோதனைக்கு அவர்களே அனுப்புவார்கள். கடுமையானவர்களுக்கு மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் கருவி இருக்கிறது. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் முதலில் அறிமுகப்படுத்தியது அது. விலை கூடியதுதான். வசதியில்லாத ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுப்பது எங்கட சங்கங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் செய்யக்கூடிய நல்ல தருமம். எடையைக் குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். வைத்தியரைக் கேட்காமல் நித்திரைக் குளிசை மட்டும் போடாதீர்கள். அது தொண்டையை இன்னும் தளர்த்திவிடலாம். ஏதாவது ஒப்பரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் குறட்டையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். வேறு நம்பிக்கையில் உள்ள அயலவர்களும் உடம்பை அப்படித்தான் மதிக்கிறார்கள். மனைவிமார் "சொன்னால் கோபப்படுவார்" என்று மறைக்காதீர்கள். கணவன்மாரும் கோபப்படாதீர்கள். உங்கள் மூச்சு நிற்பதை இருட்டில் எண்ணிக்கொண்டு விழித்திருப்பவர் அவர்தான். இன்றைக்கு இரவு வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "நான் படுத்தால் மூச்சு நிற்கிறதா?"