கறிவேப்பிலையைத் துவட்டுங்க சாமிகளா!

அடுப்படிச் சுவத்துல எண்ணெய்ப் பிசுக்கு போக கலர் கலரா பாட்டில் விக்கிறாங்க. எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு. என்னைக் கேட்டா அதையெல்லாம்விட முக்கியம் ஒரு பழைய காட்டன் துண்டு.

ஏன்னா தெறிக்க வைக்கிறது எண்ணெய் இல்லைங்க, தண்ணி. பொரிக்கிற எண்ணெய் 180 டிகிரி வாக்கில் இருக்கும். தண்ணி 100-லயே ஆவியாகிடும். எண்ணெயைவிடக் கனம்கிறதால அடியில போய், ஆயிரம் மடங்குக்கு மேல விரிஞ்சு, மேல இருக்கிற எண்ணெயையும் தூக்கிட்டு வருது. கறிவேப்பிலையை அலசின கையோட தாளிப்புல போடுறவங்க கவனிக்க! துவட்டிப் போடுங்க. மீன் துண்டும் அப்படித்தான். பச்சை மிளகாயைக் கீறாம போட்டா அது தனி தீபாவளி. மூடி போடுறதுன்னா வலை மூடி தேவலை. முழு மூடியில சேர்ற ஆவி திரும்ப எண்ணெய்லயே சொட்டும்.

தெறிச்சதை அன்னிக்கே, அடுப்பு ஆறினதும் துடைச்சிடணும். விட்டா சூட்டுலயும் காத்துலயும் இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிடும். அப்புறம் ஆப்பசோடாவைக் குழைச்சுப் பூசி, ஊறவிட்டுத்தான் தேய்க்கணும். (அலுமினியத்துல வேண்டாம், கறுத்துடும்.)

சில வீடுகள்ல அடுப்புக்குப் பின்னாடி நியூஸ்பேப்பர் ஒட்டுறாங்க பாருங்க, அதை இன்னிக்கே கிழிச்சுப் போடுங்க. எண்ணெய் குடிச்ச பேப்பரும் விளக்குத்திரியும் ஒண்ணுதான். வாணலியே தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. அடுப்பை அணைச்சிட்டு எவர்சில்வர் தட்டால மூடுங்க.

அப்புறம், 'இன்னும் ரெண்டு பஜ்ஜி'ன்னு குரல் கொடுக்குற ரங்கமணிகளே, சுவத்தைத் துடைக்கிற துணி சிங்க் ஓரமாத்தான் தொங்குது.