கறள் பிடித்த கதவை நிறைக்கு விற்காதீர்கள்

பல்லாண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்தின் கண்ணில் முதலிற் படுவது கூரையற்ற சுவரும் கறள் பிடித்த யன்னற் கம்பிகளுமே. பழைய இரும்பு வாங்குபவரும் அந்நேரம் ஒழுங்கைக்குள் வந்துவிடுவார். கையில் காசில்லாதபோது விற்றுவிடவே மனம் தூண்டும். ஆனால் இது நட்டமான வியாபாரம் என்பதே எனது கருத்து. கிலோக் கணக்கில் விற்ற யன்னலைக் கிலோக் கணக்கில் திரும்ப வாங்க முடியாது. கடைக்காரர் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும்.

2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீடொன்றுக்குத் தவணைகளாக வழங்கப்பட்ட தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அத்திவாரம், சுவர், கூரை என்று செலவு போக, கதவு யன்னலுக்கு வரும்போது பலருக்குக் கை வறண்டது. வாசலிலே தறப்பாள் தொங்கியது. இருந்த இரும்பைக் காப்பாற்றியிருந்தால் அச்செலவில் ஒரு பங்கேனும் மிஞ்சியிருக்கும்.

நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இரும்புடன் சேர்வதால் உண்டாவதே கறள். உப்புக்காற்று அதனை விரைவுபடுத்தும். கறள், தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால், மேலே பூசிய பெயின்றைக் கிளப்பிவிடும். ஆகவே கறளின் மேல் பெயின்ற் பூசுவது காசைக் கரியாக்குவதாகும். கழிவெண்ணெய் பூசுவதும் தீர்வல்ல. அதன்மேல் பெயின்ற் ஒட்டாது. பற்றரி அசிற்றைத் தொடவே வேண்டாம். அது கண்ணையும் தோலையும் பொசுக்கும்.

முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் உள்ளே நல்ல இரும்பு உண்டு. ஆணி முனை உள்ளிறங்கும் இடத்தை மட்டும் வெட்டி, புதுத்துண்டு ஒட்டுவிக்கலாம். பெரும்பாலும் நீர் தேங்கும் அடிப்பகுதியே இவ்வாறு உக்கிப்போகும்.

பின்னர் கம்பித் தூரிகையால் செதில்களை உதிர்த்து, இரும்புக்கான எமறித் தாளால் தேயுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். எனவே நனைத்துத் தேய்த்து, வாயையும் மூக்கையும் துணியாற் கட்டி, பிள்ளைகளைத் தூர வையுங்கள். பிணைச்சல், கொளுக்கி போன்ற சிறு பொருட்களை ஓரிரவு வினாகிரியில் ஊறவிட்டால் கறள் இளகும். பிறகு அப்பச்சோடா கரைத்த நீரிலும் நல்ல நீரிலும் கழுவுங்கள். கழுவுவதற்கு உவர்க் கிணற்று நீர் கூடாது.

நன்றாக வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியதும் அன்றே கறள் தடுப்புப் பூச்சைப் பூசிவிட வேண்டும். ஓரிரவு வெறுமனே விட்டால் பனியீரத்தில் மீண்டும் கறள் அரும்பும். அது காய்ந்தபின் எனாமல் பெயின்ற் இரண்டு தரம் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்பையும் சுவரோடு சேரும் பக்கத்தையும் மறக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கீறல் பட்டால் ஏற்பு ஊசி பற்றி உடனே வைத்தியசாலையில் விசாரியுங்கள். அந்நோய்க் கிருமி கறளில் பிறப்பதன்று, மண்ணில் வாழ்வது. அடுத்து, இடிபாட்டுக்குள் இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாதீர்கள், அது வெடிபொருளாயிருக்கலாம். வந்த வழியே விலகி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் கூலிவேலைக்குப் போகலாமே என்று சிலர் கேட்பர். அது நியாயமான கேள்வி. ஆனால் சிறுபோக அறுவடைக்கும் மாரி தொடங்குவதற்கும் இடையே வேலை குறைந்த நாட்கள் உண்டு. வயலில் ஒருவருக்கொருவர் கைமாறி உழைப்பதுபோல, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு வீடாகச் செய்யலாம். தூரிகையும் பூச்சுமே காசுக்கு வாங்க வேண்டியவை. சீமெந்தும் ஓடும் வழங்கும் நிறுவனங்கள் இவற்றையும் தமது பட்டியலிற் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடின், கூட்டங்களில் எழுந்து கேளுங்கள்.