தூண்டிற்காரனும் குறிப்பேடும்

தூண்டிற்காரன் கைக்குத் தப்பிய மீன் எப்பொழுதும் பெரிய மீனே என்பது உலகறிந்த நகைச்சுவை. அந்த நகைச்சுவையினுள்ளே ஒரு துயரமும் உண்டு. பிடிபட்ட மீனுக்குங்கூட, விரித்துக் காட்டிய கைகளையன்றி வேறு சான்று நம்மிடம் இல்லை.

வெள்ளவத்தை வாய்க்கால் கடலோடு கலக்குமிடத்தில், புகையிரதப் பாதையை அடுத்த கற்களின்மீது, மாலை வேளைகளில் தூண்டிலோடு நிற்போரைக் காணலாம். பிழைப்புக்காக அன்றி, மன மகிழ்ச்சிக்காக நிற்பவர்களே அவர்களிற் பலர். கொடுவா மீனைப் பற்றி அவர்களைக் கேட்டுப் பாருங்கள். “முந்தி இங்கேயே படும்” என்பார் முதியவர். “அதற்குப் பொல்கொடை ஏரிக்கல்லவா போகவேண்டும்!” என்பார் நடுவயதினர். இளைஞரோ கையளவு மீன் ஒன்று கிடைத்தாலே களிப்போடு வீடு திரும்புவர். மூவர் கூற்றும் பொய்யன்று. ஆயினும், ஒவ்வொருவரும் தத்தம் இளமைக் காலத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அளவுகோலே தலைமுறைதோறும் குறுகி வருமாயின், குறைவு எவர் கண்ணுக்குத் தெரியும்? டானியல் பாலி என்னும் மீனியல் அறிஞர் 1995 ஆம் ஆண்டிலேயே இந்த மயக்கத்தைச் சுட்டிக்காட்டினார்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கீ வெஸ்ட் நகரில் இம்மயக்கம் ஒருவாறு தெளிந்தது. அங்கே உல்லாசமாக மீன் பிடிக்கச் செல்வோர், கரை திரும்பியதும் தாம் பிடித்தவற்றைத் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கம். லோரன் மக்ளெனகன் என்ற ஆராய்ச்சியாளர் அப்படங்களை அளந்து, 1956 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 19.9 கிலோகிராமாக இருந்த மீனின் சராசரி நிறை, 2007 இல் 2.3 கிலோகிராமாகச் சுருங்கியதைக் கண்டார். படத்தில் நிற்கும் மனிதரின் புன்னகை மட்டும் சுருங்கவில்லை! பெருமைக்காக எடுத்த படங்களே பிற்காலத்திற் சாட்சியாயின.

கொடுவாவுக்கு இத்தகைய சாட்சி மிகவும் வேண்டும். ஏனெனில் அதன் வாழ்க்கை விசித்திரமானது. முகத்துவாரத்து உவர்நீரில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் களப்புகளிலும் ஆறுகளிலும் வளர்கின்றன. முதிர்ச்சியடையும்போது பெரும்பாலும் ஆணாயிருப்பவை, சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ மூன்றடி நீளம் எய்தும் பருவத்திற் பெண்ணாக மாறுகின்றன. ஆதலால், நாம் பெருமையோடு தோளிற் சுமந்துவரும் பெரிய கொடுவா அநேகமாகத் தாய்மீனே. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவை மட்டுமன்றி, ஆறுகளிலும் கடலிலும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் நீரிலேயே விட்டுவிட வேண்டும் என விதித்திருப்பதன் நியாயம் இதுவே.

‘சந்தையிற் கொடுவா விற்கிறதே’ என்று சிலர் கேட்கலாம். திருகோணமலைக் கடலிற் கூண்டுகளில் வளர்க்கப்படும் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது. கடையின் பனிக்கட்டிமேற் கிடப்பதைக் கொண்டு ஆற்றின் நிலையை அறிய முடியாது. ‘வாய்க்காலில் கழிவைக் கொட்டுபவரை விட்டு, பொழுதுபோக்குக்காரனையா குறை சொல்வது?’ என்று வேறு சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், கழிவினால் மீன் குறைந்தது என்று வழக்குரைக்க வேண்டுமாயின், முன்னர் எவ்வளவு இருந்தது என்று காட்ட வேண்டாமா? வெறுங்கையோடு முறையிடுபவனை எந்த அலுவலகமும் பொருட்படுத்துவதில்லை.

எனவே நான் வேண்டுவது சட்டமன்று, ஒரு குறிப்பேடு. நாள், இடம், தூண்டிலிட்டு நின்ற நேரம், மீனின் பெயர், நீளம், வீட்டுக்குக் கொண்டு சென்றதா நீரில் விட்டதா என்பவை போதும். ஒன்றும் அகப்படாத நாளையும் தவறாது எழுத வேண்டும். வெறுமையும் ஒரு கணக்கே. வெள்ளவத்தையிலும் பாணந்துறையிலும் களனி கங்கையின் முகத்துவாரத்திலும் இருபது பேர் பத்தாண்டுகள் இவ்வாறு எழுதுவராயின், அதனை மட்டக்குளியில் 1981 முதல் இயங்கிவரும் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னே துணிந்து வைக்கலாம்.

நம் பிள்ளைகளுக்குக் கொடுவாவை விட்டுச்செல்வோமா என்பது நம் கையில் மட்டும் இல்லை. அது இங்கே வாழ்ந்தது என்பதற்கான சான்றையேனும் விட்டுச்செல்வது முற்றிலும் நம் கையிலேயே இருக்கிறது.