தாங்குகிறவர் உடம்பு

"இவ்வளவு கஷ்டத்துலயும் எப்படிப்பா படிச்சு மேல வந்தே?" பாராட்டாகத்தான் கேட்கிறார்கள். அந்தக் கஷ்டத்தைக் கொடுத்தது யார் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். அந்தப் பேச்சு மட்டும் வாயில் வராது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஓர் ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்து நிற்கிறது. நிறவெறிக்கு நடுவில் கறுப்பினப் பிள்ளைகளும் குடும்பங்களும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் அளக்கிறார்கள். 'மீண்டெழும் திறன்' என்று அதற்குப் பேர்.

ஒரு காலத்தில் இந்த அளவுகோல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் சின்னப் பிள்ளைகள் முன்னால் வெள்ளை பொம்மையையும் பழுப்பு பொம்மையையும் வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்டது, எது உன்னை மாதிரி இருக்கு? கறுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளை பொம்மையை நல்லது என்றார்கள். கடைசிக் கேள்விக்குச் சில பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே ஓடின. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் வழக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் பெயர் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நின்றது பள்ளிக்கூடம், பிள்ளை இல்லை.

பதினோரு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 1965இல் வந்த மொய்னிஹன் அறிக்கை, அடிமை முறை, வேலையின்மை எல்லாம் பேசிவிட்டு, கறுப்பினக் குடும்பம் சீர்கெட்டுக் கிடக்கிறது, தாய் தலைமை தாங்குவதுதான் கோளாறு என்கிற இடத்தில் வந்து நின்றது. அடிபட்டவன் வீட்டுக்குள்ளேயே குற்றவாளியைத் தேடுகிற வேலை. இதற்கு எதிராகத்தான் 1972இல் ராபர்ட் ஹில் கறுப்பினக் குடும்பங்களின் பலங்களைப் பற்றி எழுதினார்: உறவுக்கட்டு, உழைப்பு, பொறுப்புகளை மாற்றிச் சுமப்பது, முன்னேறணும்கிற வேகம், மதப்பற்று. பாட்டி வளர்க்கிற பிள்ளை அநாதை இல்லை என்பதைக்கூட எழுதித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஆகவே இந்த ஆய்வுகளை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 'இதுங்க இப்படித்தான்' என்கிற பேச்சுக்கு அவை பதில் சொல்லியிருக்கின்றன. ஆனால் பலத்தைப் பாராட்டப் பாராட்ட, பாரம் ஏற்றியவன் படத்திலிருந்து மெல்ல நழுவிவிடுகிறான்.

தாங்குவதற்கு ஆகும் செலவும் சும்மா இல்லை. ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளை ஜீன் பிராடி குழுவினர் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஏழ்மையிலும் கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர்கள் சொன்ன பிள்ளைகள் 19 வயதில் மனச்சோர்வு குறைந்து, வம்புதும்பு இல்லாமல் இருந்தார்கள். உடம்பைச் சோதித்தால் ரத்த அழுத்தம், மன அழுத்தச் சுரப்புகள் எல்லாம் கூடுதல். மீட்சி வெறும் தோலளவுதான் என்று 2013இல் எழுதினார்கள். 2015இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் கொடுமை. தன்னைக் கட்டுப்படுத்தி முன்னேறிய ஏழைப் பிள்ளைகளின் செல்கள் வயசுக்கு மீறி மூப்படைந்திருந்தன. அதே தன்னடக்கம் வசதியான வீட்டுக் கறுப்புப் பிள்ளைகளின் உடம்புக்கு நல்லதையே செய்தது. ஆக, கேடு தன்னடக்கத்தில் இல்லை. எந்தப் பாரத்துக்கு அடியில் நின்று அடக்கிக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது.

இதைக் கறுப்பின ஆய்வாளர் ஷெர்மன் ஜேம்ஸ் 1980களிலேயே சொல்லிவிட்டார். நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பாறை துளைத்து, ஜெயித்து, சம்மட்டியோடு செத்துவிழுந்த ஜான் ஹென்றி என்ற நாட்டுப்புற நாயகனின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். ஜெயித்தான், செத்தான். இரண்டும் ஒரே கதை.

அமெரிக்க உளவியல் சங்கம் நிறவெறியில் தனக்கிருந்த பங்குக்காக 2021இல் மன்னிப்புக் கேட்டது. சங்கம் தொடங்கியது 1892இல். தன் முதுகைத் திரும்பிப் பார்க்க 129 வருஷம்!

நமக்கு இதில் என்ன வேலை? அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கருஞ்சிறுத்தைகள் 1969இல் ஓக்லாந்தில், பசியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் தாங்கும் திறனை அளந்துகொண்டிருக்கவில்லை. காலைச் சாப்பாடு போட்டார்கள். இங்கேயும் 2007இல் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸில் படித்த நம்ம பிள்ளைகளின் மனவலிமையை எடைபோடவில்லை. வகுப்பறையிலும் தேர்விலும் விடுதியிலும் என்ன நடக்கிறது என்று நிறுவனத்தையே விசாரித்தது.

இப்போது கல்லூரிகளில் மனத்திடப் பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். போங்க தோழர்களே, வேண்டாம்னு சொல்லலை. உட்காருவதற்கு முன்னால், விடுதியில் எந்த மாடியில் யாரைப் போட்டிருக்கிறார்கள், வாய்மொழித் தேர்வில் யாருக்கு எத்தனை மார்க் என்கிற கணக்கைக் கேட்டுவிட்டு உட்காருங்க.