வண்டி யாருடையது? பொறுப்பு யாருடையது?

செல்போனில் விரலைத் தட்டினால் வாசலுக்கு வண்டி வருகிறது. ஆட்டோ வருகிறது, கார் வருகிறது, மோட்டார் சைக்கிளும் வருகிறது. இரவு ஷிப்டு முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மில் தொழிலாளி அதில் ஏறுகிறார். கிராமத்திலிருந்து நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த விவசாயத் தொழிலாளியும் பஸ் நிலையத்தில் அதில்தான் ஏறுகிறார். நம்முடைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் சென்னையிலும் கோவையிலும் அந்த வண்டிகளை ஓட்டித்தான் குடும்பம் காப்பாற்றுகிறார்கள். ஆகவே இது பணக்காரர் பிரச்னை அல்ல, நம் பிரச்னை.

சவாரி நல்லபடி முடிந்தால் கம்பெனி தன் பங்கைக் கணக்காக எடுத்துக்கொள்கிறது. விபத்து நேர்ந்தால்? அப்போது கம்பெனி சொல்வது இதுதான்: "வண்டி எங்களுடையதல்ல. டிரைவர் எங்கள் தொழிலாளி அல்ல, எங்கள் கூட்டாளி. நாங்கள் வெறும் இடையாள்."

லாபத்தில் முதலாளி, நஷ்டத்தில் இடையாள்! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில்தான் இந்தக் கம்பெனிகளுக்கு முதல் தடவையாகச் சட்டத்தில் இடம் கிடைத்தது. லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று 93-வது பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கோடி கோடியாகப் புரளும் கம்பெனிக்கு இது எம்மாத்திரம்? ஆனால் இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று உண்டு. இந்தக் கம்பெனியைச் சட்டம் எப்படி வர்ணிக்கிறது? பயணியையும் டிரைவரையும் இணைத்துவைக்கும் "டிஜிட்டல் இடையாள் அல்லது சந்தை" என்கிறது. கம்பெனி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரையே பார்லிமெண்டும் சூட்டிவிட்டது!

உண்மை என்ன? கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனி. எந்தச் சவாரி யாருக்கு என்று தீர்மானிப்பது கம்பெனி. இத்தனை சவாரி முடித்தால் இத்தனை ஊக்கத்தொகை என்று ஆசை காட்டி விரட்டுவதும் கம்பெனி. சவாரியை மறுத்தால் தண்டிப்பதும், பிடிக்காவிட்டால் கணக்கை மூடி வேலையைப் பறிப்பதும் அதே கம்பெனிதான். சந்தை நடத்துகிறவன் காய்கறிக்காரியை இப்படியா அதிகாரம் செய்கிறான்?

வாடகை பஸ் சொன்ன பாடம்

வண்டி பிறருடையது என்று சொல்லித் தப்ப முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒரு தனியார் பஸ்ஸை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. விபத்து நேர்ந்தது. பஸ்ஸும் டிரைவரும் தனியாருடையது, நாங்கள் பொறுப்பல்ல என்று கழகம் வாதாடியது. 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. வண்டியும் டிரைவரும் யாருடைய கட்டுப்பாட்டில் ஓடினார்களோ அவரே நஷ்ட ஈட்டுக்கும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. செல்போன் கம்பெனியின் கட்டுப்பாடு அந்தக் கழகத்தின் கட்டுப்பாட்டைவிடக் குறைந்ததா? ஆகவே விபத்து வழக்குப் போடுகிறவர்கள் டிரைவர், வண்டிச் சொந்தக்காரர், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகியோரோடு செல்போன் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். டிரைவர் அன்றைக்கு எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினார், எந்த வேகத்தில் ஓட்டினார் என்ற கணக்கெல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது. அதைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைக்கும்படி வக்கீல் மூலம் கேட்க வேண்டும்.

5 லட்சமா, 24 லட்சமா?

குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் கொடுக்க 164-வது பிரிவு வழி செய்கிறது. உடனடி உதவி என்ற வகையில் நல்லதே. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி 30 நாளில் சமரசத் தொகை சொல்லலாம் என்கிறது 149-வது பிரிவு. அந்த வழியில் 164-வது பிரிவுத் தொகையை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால், 166-வது பிரிவில் போட்ட வழக்கு அத்தோடு முடிந்துபோகும்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்கும் 32 வயது விவசாயத் தொழிலாளி. அவரை நம்பி மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என்று நான்கு ஜீவன்கள். பிறருடைய கவனக்குறைவால் அவர் விபத்தில் இறந்துபோகிறார். சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவிகிதம் கூட்ட வேண்டும்: 16,800. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிக்க வேண்டும்: 12,600. வருஷத்துக்கு 1,51,200. அந்த வயதுக்குப் பெருக்குத் தொகை 16. மொத்தம் 24,19,200 ரூபாய். ஈமச் செலவும் குடும்ப இழப்பும் இதற்கு மேல்.

துக்க வீட்டில் 5 லட்சத்துக்குக் காகிதம் நீட்டுகிறவர், கைநாட்டு வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைச் சொல்வாரா? எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்!

வெள்ளை போர்டு மோட்டார் சைக்கிள்

மஞ்சள் போர்டு வண்டிக்கு வாடகைப் பயணியையும் சேர்த்துத்தான் கட்டாய இன்ஷூரன்ஸ். வெள்ளை போர்டு மோட்டார் சைக்கிளின் கதை வேறு. அதன் இன்ஷூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு ஆள் ஏற்றி விபத்தானால் நிபந்தனையை மீறிவிட்டாய் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கிறது. பல வழக்குகளில் கோர்ட்டு, "பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நீ கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்" என்று உத்தரவு போடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கு அது ஆறுதல். ஆனால் அந்த வண்டிக்காரர் யார்? தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கி ஓட்டுகிற ஏழை வாலிபன்! லட்சக்கணக்கான ரூபாய் கடன் அவன் தலையில். மரணம் நேர்ந்திருந்தால் பாரதிய நியாய சம்ஹிதை 106-வது பிரிவில் 5 வருஷம் வரை சிறை அவனுக்கு. சவாரி அனுப்பிய கம்பெனியின் மீது தூசியும் படிவதில்லை.

வெள்ளை போர்டு மோட்டார் சைக்கிள்களை மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று 2025-ம் வருஷத்து வழிகாட்டு நெறிகளில் மத்திய சர்க்கார் சொல்லியிருக்கிறது. பிழைப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விபத்து நேர்ந்தால் பணம் கட்டுவது யார் என்பதை முடிவு செய்துவிட்டுக் கதவைத் திறங்கள் என்கிறோம்.

டிரைவருக்கு என்ன கதி?

டிரைவரும் பயணியும் எதிரிகள் என்பது போல ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறார்கள். இருவரும் உழைப்பாளிகள். அதே விபத்தில் டிரைவரின் காலும்தான் முறிகிறது. சொந்த வண்டி ஓட்டுகிறவர் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு எடுத்திருந்தால் அது கைகொடுக்கும். மேற்படி வழிகாட்டு நெறிகள் டிரைவருக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பும் 10 லட்சம் ஆயுள் காப்பும் கம்பெனி செய்துதர வேண்டும் என்கின்றன. அது உண்மையில் எடுக்கப்பட்டிருக்கிறதா, பாலிஸி நம்பர் என்ன என்று ஒவ்வொரு டிரைவரும் இன்றே கேட்க வேண்டும்.

2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் தம் வருஷ வரவில் 1 முதல் 2 சதவிகிதம் நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. ஆனால் இந்த வேலையை "முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே" உள்ளது என்றே அதுவும் எழுதி வைத்திருக்கிறது. மில்லில் இயந்திரத்தில் கை சிக்கினால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்ற உரிமை நமக்கு 1923-லேயே சட்டமாயிற்று. நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த தொழிலில் அந்த உரிமை இல்லையா?

அமெரிக்காவில் நடந்தது

இந்தத் தொழில் பிறந்த சான்பிரான்ஸிஸ்கோ நகரில் 2013 டிசம்பர் 31 இரவு, சாலையைக் கடந்த 6 வயதுச் சிறுமி ஊபர் டிரைவரின் கார் மோதி இறந்தாள். அப்போது காரில் பயணி இல்லை, ஆகவே அது எங்கள் சவாரி அல்ல என்றது கம்பெனி. ஜனங்கள் கொதித்தார்கள். 2014-ல் கலிபோர்னியா சட்டசபை புதுச் சட்டம் செய்தது. சவாரியை ஒப்புக்கொண்ட நிமிஷம் முதல் பயணி இறங்கும் வரை 10 லட்சம் டாலர் காப்பு. சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்திலும் காயமடைந்தவர் ஒருவருக்கு 50,000 டாலர் வரை காப்பு.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. டிரைவர்களைத் தொழிலாளிகள் என்று ஏற்காமலிருக்க 2020-ல் சுமார் 20 கோடி டாலர் கொட்டிப் பிரசாரம் செய்து பொது வாக்கெடுப்பில் ஜெயித்தன. 2025-ல், இன்ஷூரன்ஸ் இல்லாத வேற்று வண்டி மோதினால் பயணிக்குக் கிடைக்கும் காப்பை 10 லட்சம் டாலரிலிருந்து ஆளுக்கு 60,000 டாலராகக் குறைக்கும் சட்டமும் வந்தது. ஆனால் அதே வேளையில் டிரைவர்கள் சங்கம் அமைக்கும் உரிமையையும் சட்டமாக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் 2021 பிப்ரவரி 19 அன்று அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு, ஊபர் டிரைவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்புச் சொன்னது. போராடிய இடத்தில் கிடைத்தது; அயர்ந்த இடத்தில் பறிபோனது.

தோழர்கள் செய்ய வேண்டியது

விபத்து நேர்ந்தால் முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரைப் போலீஸ் தொந்தரவு செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மத்திய சர்க்காரின் 2025-ம் வருஷத் திட்டத்தில், பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை 1½ லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

செல்போனில் உள்ள சவாரி விவரத்தை உடனே படம் பிடித்து வையுங்கள். வண்டி நம்பர், டிரைவர் பெயர், நேரம், கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, கூலிக்கான அத்தாட்சி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் வரம்பு வைத்துவிட்டார்கள். அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் தொடரப்பட்டன. அவற்றை நம்பிக் காத்திராதீர்கள். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை; நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். மோதிவிட்டு ஓடிப்போன வண்டி அகப்படாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று சும்மா இருக்க வேண்டாம். ஆலைத் தொழிலாளர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடி மக்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி 1987-ம் வருஷத்துச் சட்டம் தந்த உரிமை. ஜில்லா கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள்.

நாம் கோருவது அதிகமில்லை. சவாரியில் பங்கு வாங்குகிற கம்பெனி நஷ்ட ஈட்டிலும் பங்கு கட்ட வேண்டும். "இடையாள்" என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கி, கட்டுப்படுத்துகிறவரே பொறுப்பாளி என்று எழுத வேண்டும். செல்போனில் டிரைவர் நுழைந்த நிமிஷம் முதல் வெளியேறும் நிமிஷம் வரை கம்பெனிச் செலவில் காப்பு வேண்டும். 6 மாத வரம்பை ஒழிக்க வேண்டும்.

டிரைவர் சங்கமும், மில் சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளைத் தனித்தனியாக முணுமுணுத்தால் காதில் விழாது. ஒரே குரலில் எழுப்பினால் கோட்டையிலும் கேட்கும், டில்லியிலும் கேட்கும். எழுப்புவோம்!